அச்சகத்துக்குப் போகும் முன்: சிறு உற்பத்தியாளருக்கு ஒரு பிராண்டு வழிகாட்டி

மொடக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மஞ்சள். மண்டிக்கு மூட்டையாகப் போடுவதைவிட, தூளாக்கி நாமே பாக்கெட் போட்டால் என்ன என்று 2021-ல் தொடங்கினோம். பெயரை ஒரே ராத்திரியில் பேசி முடித்தோம். அடுத்த வாரம் டிசைன், அதற்கடுத்த வாரம் பை அச்சடிக்கும் சிலிண்டர், பிறகு பத்தாயிரம் பை.

ஏழு மாதம் கழித்து ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. எங்கள் பெயரைப் போலவே ஒலிக்கும் ஒரு பெயரை வேறொரு நிறுவனம் இதே மசாலா வகுப்பில் (பெயர்ப் பதிவுக்காகப் பொருள்களைப் பிரித்து வைத்திருக்கும் பிரிவு) பல வருடம் முன்பே பதிவு செய்து வைத்திருந்தது. நியாயம் அவர்கள் பக்கம்தான். பதினைந்து நாளில் கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப எடுத்தோம். மீதி இருந்த 6,400 பைகளை மாமியாரும் நானும் திண்ணையில் உட்கார்ந்து கத்தரியால் இரண்டிரண்டாக வெட்டிப் போட்டோம். டிசைன், சிலிண்டர், பை எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய் போனது. அதைவிட வலித்தது, பெயர் சொல்லிக் கேட்கப் பழகியிருந்த வாடிக்கையாளர்கள் புதுப் பெயரில் வந்த பாக்கெட்டைப் பார்த்துவிட்டு வேறு பாக்கெட்டுக்குப் போனதுதான்.

இரண்டாவது முறை வரிசையை மாற்றிச் செய்தோம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணம் மஞ்சள்தூள். செக்கு எண்ணெய், நாட்டுச்சர்க்கரை, சிறுதானிய மாவு, சென்னிமலைப் போர்வை என எதுவானாலும் வரிசை இதேதான். வகுப்பு எண்ணும் வாங்க வேண்டிய உரிமமும் மட்டும் மாறும். முதல் பாக்கெட் கடைக்குப் போக நான்கு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதில் மூன்று மாதம் அச்சடிப்பதற்கு முன்பே போய்விடும், போகட்டும்.

1. முதலில் ஒரு வரி எழுதுங்கள்

லோகோவுக்கு முன், பெயருக்கும் முன், ஒரு வரி. இந்தப் பாக்கெட்டை யார் வாங்கப் போகிறார்கள், பக்கத்தில் தொங்கும் பத்து ரூபாய் பாக்கெட்டை விட்டுவிட்டு இதை ஏன் எடுக்க வேண்டும் என்பதற்குப் பதில் அந்த வரியில் இருக்க வேண்டும். “தரமானது, சுவையானது” என்று எழுதினால் அது வரியே இல்லை. எல்லாப் பாக்கெட்டிலும் அதுதான் இருக்கிறது.

எங்கள் வரி இது: “ஒரே தோட்டத்து விரலி மஞ்சள், மாதாமாதம் அரைப்பது.” பிறகு வந்த முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வந்தன. அரைத்த மாதம் பாக்கெட்டின் முகப்பிலேயே பெரிதாக இருக்க வேண்டும், ஆறு மாதச் சரக்கைக் கடையில் விடக் கூடாது, கிழங்கு மஞ்சளைக் கலக்கக் கூடாது. 2023-ல் எங்கள் தோட்டத்து மஞ்சள் ஆடி மாதத்திலேயே தீர்ந்துபோனது. பக்கத்துத் தோட்டத்தில் வாங்கி அரைக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் ஐந்து மாதம் விற்பனையை நிறுத்தினோம். பாக்கெட்டில் அச்சடித்த ஒரு வரியை நீங்களே மீறிவிட்டால், மறுபடி அதை நம்ப வைக்க எந்த விளம்பரத்தாலும் முடியாது. அதனால் உங்களால் வருடம் முழுவதும் காப்பாற்ற முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

2. பெயர்: பத்து எழுதி ஒன்பதை அடியுங்கள்

ஒரே பெயரோடு காதலில் விழாதீர்கள். பத்துப் பெயர் எழுதிக்கொண்டு, கீழே இருக்கும் கேள்விகளால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள்.

ஊர்ப் பெயரா? “ஈரோடு மஞ்சள்” என்று உங்களுக்கு மட்டும் உரிய பெயராகப் பதிவு செய்ய முடியாது. அது 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பெயர். பவானி ஜமக்காளமும் கோவை கோரா காட்டனும் அதே போல்தான். புவிசார் குறியீடு அந்தப் பகுதி உற்பத்தியாளர் எல்லோருக்கும் பொதுவான சொத்து. உங்கள் பாக்கெட்டில் அந்தக் குறியீட்டைப் போட வேண்டுமென்றால், அதற்கென அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாக விண்ணப்பித்துப் பதிய வேண்டும். தோட்டம் ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது.

பொருளைச் சொல்லும் சொல்லா? “மஞ்சள் தூள்”, “நல்ல எண்ணெய்”, “மணம்” போன்றவை பொருளையோ குணத்தையோ நேரடியாகச் சொல்கின்றன. வணிகக் குறியீட்டுச் (டிரேட்மார்க்) சட்டத்தின் 9-ஆம் பிரிவு இப்படிப்பட்ட சொற்களை ஒருவருக்கே எழுதிக் கொடுக்காது.

“சுத்தம்”, “இயற்கை”, “பாரம்பரியம்” என்று வருகிறதா? இந்தப் பொறி அதிகம் பேருக்குத் தெரியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகளின்படி, பிராண்டுப் பெயரிலேயே இந்த மாதிரி சொல் இருந்து அது வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்குமானால், “இது வெறும் பிராண்டுப் பெயர், பொருளின் உண்மையான தன்மையைக் குறிக்கவில்லை” என்ற பொருளில் ஒரு வாசகத்தைப் பாக்கெட்டில் கண்ணுக்குத் தெரியும்படி அச்சடிக்க வேண்டும். சுத்தம் என்று பெயர் வைத்துவிட்டுக் கீழே இப்படி ஒரு வரி போடுவதைவிட வேறு பெயர் வைக்கலாம்.

சாமி பெயரா? குலதெய்வத்தின் பெயரில் தொடங்க வேண்டும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கும் ஆசை. எனக்கும் இருந்தது. பெயர் வைக்கத் தடை இல்லை. ஆனால் அதே சாமி பெயரில் ஏற்கெனவே இருபது முப்பது விண்ணப்பம் இருக்கும். பதிவு கிடைத்தாலும் மற்றவரைத் தடுப்பது கஷ்டம். ஊதுபத்திக்கு “ராமாயணம்” என்ற பெயரை ஒருவர் உரிமை கேட்டபோது, புனித நூலின் பெயரைத் தனியொருவர் வணிகக் குறியாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாமி படத்தைக் கடையில் மாட்டிக்கொள்ளுங்கள். பாக்கெட்டுக்கு வேறு பெயர் தேடுங்கள். “கொங்கு” என்று தொடங்கும் பெயர்களும் இப்படித்தான் நெரிசல்.

வாயில் நுழைகிறதா? பெயரைப் போனில் ஒரு தடவை மட்டும் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரை எழுதச் சொல்லுங்கள். ஐந்து பேரில் நான்கு பேர் சரியாக எழுதினால் தேறியது. “ழ” வரும் பெயர்கள் தமிழில் அழகாக இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு வரும், இணையத்தில் தேடினால் கிடைக்காது. எங்கள் பட்டியலில் இருந்த மிக அழகான பெயரை இதனால்தான் விட்டேன்.

கடைசியில் தேறுபவை, பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத சொற்களும் நீங்களே உருவாக்கிய சொற்களும்தான். முதலில் கேட்க ஒட்டாத மாதிரி இருக்கும். சட்டத்தில் அவைதான் வலுவானவை.

3. தேடல்: காசு செலவில்லாத, ஆனால் யாரும் செய்யாத வேலை

வணிகக் குறியீட்டுப் பதிவகத்தின் இணையதளத்தில் பொதுத் தேடல் இலவசம். நான் முதல் தடவை இதைச் செய்திருந்தால் 58,000 ரூபாய் மிச்சம். ஒரு பெயருக்கு அரை மணி நேரம் போதும்.

முதலில் உங்கள் வகுப்பு எண் தெரிய வேண்டும். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மசாலா, மஞ்சள்தூள், சர்க்கரை, வெல்லம், மாவு எல்லாம் 30. சமையல் எண்ணெய், வெண்ணெய், நெய் 29. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், சோப்பு, அழகுப் பொருள் 3. போர்வை, படுக்கை விரிப்பு 24. ஆயத்த ஆடை, பனியன் 25. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைச் சமையலுக்கும் தலைக்கும் தனித்தனி லேபிளில் விற்பதானால் இரண்டு வகுப்பு, இரண்டு கட்டணம்.

தேடும்போது சொல்லை அப்படியே போட்டுப் பார்த்துவிட்டு “இல்லை, கிடைத்துவிட்டது” என்று எழுந்துவிடாதீர்கள். நான் சொல்லும் மூன்று விதத்திலும் தேடுங்கள்: அந்தச் சொல்லில் தொடங்குபவை, அந்தச் சொல் உள்ளே வருபவை, ஒலியில் ஒத்தவை. மூன்றாவதுதான் முக்கியம். எங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியவர்களின் பெயரில் எழுத்து வேறு, ஒலி ஒன்று. பதிவகமும் நீதிமன்றமும் காதில் எப்படி விழுகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கின்றன.

தேடலில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் நேராக அதன் நிலை இருக்கும். “ரிஜிஸ்டர்டு” என்றால் விட்டுவிடுங்கள். “அப்ஜெக்டட்”, “அப்போஸ்டு” என்றால் இன்னும் முடியாத பிரச்சினை, அதற்குள் தலையை விடாதீர்கள். “அபாண்டன்டு” என்றால் கைவிடப்பட்ட விண்ணப்பம். ஆனால் அவர்கள் விண்ணப்பத்தைக் கைவிட்டுவிட்டு அந்தப் பெயரில் வியாபாரத்தைத் தொடர்ந்து கொண்டிருக்கலாம். பதிவே இல்லாவிட்டாலும் முன்னாலிருந்து பயன்படுத்துகிறவருக்கு உரிமை உண்டு. அதனால் கடைத்தெருவிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் ஒரு தடவை தேடிவிடுங்கள். பெயர் தேறியதும் அன்றைக்கே இணைய முகவரியையும் சமூக ஊடகக் கணக்குகளையும் அதே பெயரில் எடுத்து வையுங்கள்.

4. வணிகக் குறியீட்டு விண்ணப்பம்

படிவத்தின் பெயர் டி.எம்.-ஏ. இணையம் வழியாகத் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. காகிதத்தில் கொடுத்தால் 5,000, 10,000. கூட்டு நிறுவனமாக இருந்தால் சிறு நிறுவனச் சலுகைக்கு உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) சான்று வேண்டும். உத்யம் பதிவு அரசுத் தளத்தில் முழுக்க இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் போதும். இணையத்தில் தேடும்போது முதலில் வரும் சில தளங்கள் அதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும். அவை அரசுத் தளம் இல்லை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: விண்ணப்பதாரரின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பான், உத்யம் சான்று, லோகோவையும் சேர்த்துப் பதிவதானால் அதன் படம், முகவர் வழியாகப் போனால் அவருக்குக் கொடுக்கும் டி.எம்.-48 அதிகாரப் பத்திரம். நீங்களே போடுவதானால் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், எனக்கு 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பும் பொருளும் ஆங்கிலத்தில் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மூன்று இடத்தில் நிதானமாக யோசியுங்கள்.

யார் பெயரில்? எங்கள் ஊரில் ஒருவர் அண்ணன் பெயரில் விண்ணப்பித்து, தொழிலைத் தம்பி நடத்தி, பாகப்பிரிவினையில் பெயர் யாருக்கு என்று இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். தொழில் நடத்துபவர் பெயரிலேயே போடுங்கள். கூட்டாக நடத்தினால் கூட்டு நிறுவனத்தின் பெயரில்.

சொல்லா, படமா? ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் சொல்லை மட்டும் பதியுங்கள். எந்த எழுத்து வடிவத்தில் எழுதினாலும் அந்தச் சொல்லுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். படத்தைப் பதிந்தால் அந்தப் படம் இருக்கும் விதத்துக்குத்தான். படம் பதியும்போது நிறத்தை உரிமை கோராமல் கறுப்பு வெள்ளையில் கொடுத்தால் எல்லா நிறத்துக்கும் சேரும்.

எப்போதிலிருந்து? ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தால் முதல் விற்பனைத் தேதியைச் சொல்லி, உறுதிமொழிப் பத்திரமும் பழைய பில்லும் இணைக்க வேண்டும். இன்னும் தொடங்கவில்லை என்றால் “பயன்படுத்த உத்தேசம்” என்று போடலாம். இல்லாத பழைய தேதியைப் போடச் சொல்லும் முகவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விண்ணப்ப எண் உடனே கிடைக்கும். அன்றிலிருந்து பெயர் அருகில் டி.எம். என்று சின்னதாகப் போடலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போடுவது பதிவுச் சான்று கைக்கு வந்த பிறகுதான். அதற்கு முன் போட்டால் 107-ஆம் பிரிவின்படி தவறு, அபராதம் உண்டு. 2024 வரை இதற்கு மூன்று வருடம் வரை சிறையும் இருந்தது. டிசைனர்கள் அழகுக்காக அதைச் சேர்த்துவிடுகிறார்கள். அச்சுக்கு முன் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

பிறகு பதிவகம் ஆய்வறிக்கை அனுப்பும். பாதிப்பேருக்கு மேல் அதில் ஏதாவது ஆட்சேபம் இருக்கும் என்று எங்கள் முகவர் சொன்னார். எங்களுக்கும் இருந்தது. பயப்பட வேண்டாம், ஆனால் 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். காரணம், விண்ணப்பத்தில் முகவர் தன் மின்னஞ்சலை மட்டும் கொடுத்திருப்பார். அறிக்கை அவருக்குப் போகும், அவர் மறந்திருப்பார், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். உங்கள் மின்னஞ்சலும் அதில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள். மாதம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். விசாரணை வந்தால் காணொளியில்தான், கிண்டி அலுவலகத்துக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

ஆட்சேபம் தீர்ந்ததும் பெயர் பதிவகத்தின் வணிகக் குறியீட்டு இதழில் வெளியாகும். அதிலிருந்து நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். யாரும் எதிர்க்காவிட்டால் சான்று. எங்களுக்கு விண்ணப்பத்திலிருந்து சான்று வரை பதினெட்டு மாதம். முகவருக்குக் கூலி 3,500 கொடுத்தோம். அரசுக் கட்டண ரசீதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்கிறவர்களிடம் கணக்குப் பிரிவதே இல்லை.

சான்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேடல் சுத்தமாக இருந்து விண்ணப்பமும் போட்டாகிவிட்டால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

5. உரிமங்கள்: அதே மாதத்தில்

உணவுப் பொருளானால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இல்லாமல் ஒரு பாக்கெட்டும் கட்டக் கூடாது. நான் எடுத்தபோது வருட விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் அடிப்படைப் பதிவு, வருடத்துக்கு 100 ரூபாய். அதற்கு மேல் மாநில உரிமம். இப்போதைய வரம்பைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்படம், அடையாளச் சான்று, இடத்துக்கான சான்று, தயாரிக்கும் பொருள்களின் பட்டியல் போதும். வெளி மில்லில் அரைக்கிறீர்கள் என்றால் அந்த மில்லுக்கும் எண் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது பலருக்கும் தெரியாத ஒன்று: பொட்டலமிடுபவர் பதிவு. சட்டமுறை எடையளவு விதிகளின்படி, பாக்கெட் போடத் தொடங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு வருடம் 40 லட்சத்துக்கு மேல்தான் கட்டாயம். ஆனால் பாலக்காட்டுக் கடைக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை, பதிவு வேண்டும்.

6. டிசைனர்

நல்ல டிசைனருக்குக் காசு கொடுங்கள், ஆனால் எழுத்தில் பேசுங்கள். காசு கொடுத்து வரைந்து வாங்கிய லோகோ நமக்குச் சொந்தம் என்று நினைக்கிறோம். எழுத்து மூலம் மாற்றித் தராதவரை பதிப்புரிமை பெரும்பாலும் வரைந்தவரிடமே இருக்கிறது. “இந்த லோகோவின் பதிப்புரிமை முழுவதையும் இன்னாருக்கு இந்தத் தொகைக்கு மாற்றித் தருகிறேன்” என்று ஒரு பக்கம், இரண்டு கையெழுத்து. கூடவே கோரல் டிராவில் இருக்கும் மூலக் கோப்பையும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படம் அச்சுக்கு ஆகாது. தமிழ் எழுத்துருவுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டமரான், முக்தா மலர் போன்றவற்றை வணிகத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

லோகோவைக் கணினித் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நூறு கிராம் பாக்கெட் அளவில் வெள்ளைத் தாளில் அச்செடுத்து, வெட்டி, ஒரு மளிகைக்கடை அலமாரியில் மற்ற பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்து, எட்டடி தள்ளி நின்று பாருங்கள். எங்கள் முதல் டிசைனில் மஞ்சள் பின்புலத்தில் சிவப்பு எழுத்து. அலமாரியில் இருந்த ஏழு பாக்கெட்டும் மஞ்சளில் சிவப்பு. அதனால்தான் இப்போது எங்களுடையது கரும்பச்சை, மஞ்சள் செடியின் இலை நிறம்.

7. லேபிளில் இருக்க வேண்டியவை

பொருளின் பொதுப் பெயர், சேர்மானம், நிகர எடை, தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் பெயரும் முழு முகவரியும், தொகுதி எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, அனைத்து வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, ஓர் அலகின் விலை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் 14 இலக்க எண்ணும், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், நுகர்வோர் புகாருக்குத் தொலைபேசியும் மின்னஞ்சலும்.

இதில் சறுக்கும் இடங்கள்:

கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். முழுக்கத் தமிழில் மட்டும் போட ஆசைப்பட்டேன், விதி விடவில்லை. அதனால் முகப்பைத் தமிழுக்கு வைத்துக்கொண்டு விவரங்களைப் பின்பக்கம் தள்ளினேன்.

எடைக்குப் பின்னால் ஆங்கிலத்தின் ஒற்றைச் சிற்றெழுத்து “ஜி” மட்டும். “ஜிஎம்எஸ்” என்று போடுவது தவறு, அதற்கே அபராதம் எழுதுகிறார்கள்.

அலகு விலை: 100 கிராம் 45 ரூபாய் என்றால், ஒரு கிராம் 0.45 ரூபாய் என்றும் போட வேண்டும்.

தேதியும் தொகுதி எண்ணும் முத்திரை குத்தும் இடத்தில் பளபளப்புப் பூச்சு வேண்டாம் என்று அச்சகத்தில் சொல்லுங்கள். எங்கள் முதல் பைகளில் கட்டைவிரலால் தேய்த்தாலே தேதி போய்விட்டது.

“சர்க்கரை நோய்க்கு நல்லது”, “புற்றுநோயைத் தடுக்கும்” என்று எழுதவே எழுதாதீர்கள். உணவுப் பாக்கெட்டில் நோய் தீர்க்கும் வாக்குறுதிக்கு இடமில்லை. “முகத்துக்கும் பூசலாம்” என்று சேர்த்தால் அது அழகுப் பொருளாகிவிடும், அதற்கு வேறு உரிமம். கஸ்தூரி மஞ்சளைத் தனிப் பொருளாகத்தான் போட வேண்டும். “ஆர்கானிக்” என்ற சொல்லுக்குச் சான்று வேண்டும். மருந்து அடிக்காத தோட்டம் என்று நமக்குத் தெரிந்தால் மட்டும் போதாது.

8. பையும் அச்சும்

கடைசியாகத்தான் இது. மஞ்சள்தூள் பளிச்சென்று தெரியட்டும் என்று முதல் பையில் நான்கு விரல் அகலத்துக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்தோம். கொடுமுடியில் ஒரு கடை, வாசலில் மேற்கு வெயில் விழும். இரண்டு மாதம் கழித்துப் போனபோது கடைக்காரர் ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்தார். “ஏனுங்கம்மிணி, இது மஞ்சத்தூளுங்களா, கடலமாவுங்களா? கேட்டு வர்றவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியல” என்றார். ஜன்னல் இருந்த பக்கம் தூள் வெளுத்து, பின்பக்கம் பழைய நிறத்திலேயே இருந்தது. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துபோகும். அன்றோடு ஜன்னலை விட்டோம். இப்போது உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள மூன்றடுக்குப் பை. உங்கள் பொருளுக்கு எதிரி வெளிச்சமா, ஈரமா, காற்றா என்று தெரிந்துகொண்டு பையைத் தேர்ந்தெடுங்கள். எண்ணெய்க்கும் வெளிச்சம் ஆகாது, நாட்டுச்சர்க்கரைக்கு ஈரம் ஆகாது.

சிலிண்டர் அச்சில் ஒரு நிறத்துக்கு ஒரு சிலிண்டர். எங்களுக்கு ஐந்து நிறம், ஒன்று 3,500 வீதம் 17,500 ரூபாய் அதற்கே போனது. பெயரோ முகவரியோ மாறினால் அந்த சிலிண்டர் வீண். அதனால் முதல் ஆறு மாதத்துக்கு எழுத்தில்லாத வெற்றுப் பையும் ஒட்டும் லேபிளும் போதும். ஆயிரம் லேபிள் அடித்தால் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் சொச்சம் ஆனது. ஒட்டக் கூலி தனி, பார்க்கக் கொஞ்சம் எளிமையாகவும் இருக்கும். ஆனால் விலையை மாற்றலாம், பிழையைத் திருத்தலாம். நாங்கள் ஆறு மாதத்தில் லேபிளை நான்கு முறை திருத்தினோம். சிலிண்டராக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி அச்சுப் பிரதியைக் குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது.

9. உள்ளே இருப்பது ஒரே மாதிரி இருக்கட்டும்

பாக்கெட்டைவிட இதுதான் பெயரைக் காப்பாற்றுகிறது. அரைக்கும் மில்லுக்குக் காலையில் முதல் ஆளாகப் போங்கள். எங்களுக்கு முன்னால் ஒருவர் மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருக்க, மில்லைத் துடைத்தும் முதல் ஐந்து கிலோ மஞ்சளில் காரம் ஏறியது. குழந்தைக்குப் பாலில் போட்ட ஓர் அம்மா போன் செய்து அழுதார். அந்தத் தொகுதியை முழுவதும் திரும்ப எடுத்தோம். தொகுதி எண் குத்தியிருந்ததால்தான் எது எந்தக் கடையில் என்று தெரிந்தது.

வருடத்துக்கு இரண்டு முறையாவது அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதியுங்கள். மஞ்சள்தூளில் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், நிறத்துக்குச் சேர்க்கும் லெட் குரோமேட் அறவே இருக்கக் கூடாது. அந்த அறிக்கையின் நகலைக் கடைக்காரரிடம் கொடுத்து வைத்தால், கேட்பவர்களுக்கு அவரே எடுத்துக் காட்டுவார்.

10. கடைக்கு

பெரிய கடைகள் பார்கோடு கேட்கும். இந்தியாவில் அதை ஜிஎஸ்1 இந்தியாவிடம் வாங்க வேண்டும், எண் 890-ல் தொடங்கும். மலிவாக ஓர் எண் தருகிறேன் என்பவர்களிடம் வாங்கினால் அது வேறொருவர் பொருளுக்கு உரியதாக இருக்கலாம். பக்கத்து மளிகைக்கடைகளில் மட்டும் தொடங்குவதானால் இப்போதைக்கு இது வேண்டாம்.

முதல் மூன்று மாதம் பத்துக் கடைகளுக்கு மேல் போகாதீர்கள். கடைக்காரர் கமிஷன், திரும்ப வரும் சரக்கு, வண்டிச் செலவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விலையை அச்சடிக்க வேண்டும். நான் வண்டிச் செலவை விட்டுவிட்டேன், ஒரு வருடம் கைக்காசு போனது.

மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். சிறு உணவுத் தொழில்களுக்கான பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் இயந்திரத்துக்கு வங்கிக் கடனோடு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் கொடுத்தார்கள், இப்போதும் உண்டா என்று கேளுங்கள். வணிகக் குறியீட்டுப் பதிவுச் செலவைத் திரும்பப் பெற வழி இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள். கேட்கப் போகும்போது கட்டண ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும்.

எல்லா ரசீதும் சான்றும் ஒரே கோப்பில். கோப்பின் அட்டையில் மூன்று தேதிகளைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்: எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவைக் கவனிக்க வேண்டிய நாள், அடுத்த ஆய்வகச் சோதனை, வணிகக் குறியீடு புதுப்பிக்கும் வருடம். கடைசியது விண்ணப்பத் தேதியிலிருந்து பத்து வருடம், இணையவழிக் கட்டணம் 9,000. பதிவுக்குப் பிறகு ஐந்து வருடமும் மூன்று மாதமும் அந்தப் பெயரைப் பயன்படுத்தாமலே விட்டால், இன்னொருவர் விண்ணப்பித்து அதை நீக்கச் செய்யலாம். எனவே விற்பனை நின்றுபோகும் வருடத்திலும், அந்தப் பெயர் போட்ட பில் ஒன்றிரண்டாவது கோப்பில் சேர்ந்துகொண்டே இருக்கட்டும்.